கேட்டுக்கு வந்த கேனோபி

சபாபதிக்கு இங்கிலீஷ் தெரியாது என்று ஒருவரும் சொல்லிவிட முடியாது. ஒரகடத்தில் கார் சீட்டுக்குக் கம்பிச் சட்டம் செய்கிற கம்பெனியில் பதினெட்டு வருஷமாக அட்மின் வேலை பார்க்கிறார். மெயிலுக்கு 'நோட்டட் சார்', போனுக்கு 'டன் சார்'. இந்த இரண்டையும் வைத்தே, தொழிற்சாலையின் தலைமை நாற்காலிக்கு வந்து போன ஐந்து பிளான்ட் ஹெட்டுகளைச் சமாளித்து அனுப்பி வைத்திருந்தார். எழிச்சூரில் அவர் குடும்பத்தில் கழுத்தில் ஐடி கார்டு மாட்டிய முதல் ஆள் அவர்தான். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியவில்லை என்று அடுத்தவரிடம் போய்க் கேட்பது அவருக்கு நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்தது மாதிரி.

திங்கள்கிழமை மதியம் புதிய பிளான்ட் ஹெட் தேஷ்பாண்டே, புனே ஏர்போர்ட்டிலிருந்து போன் செய்தார். பின்னால் ஸ்பீக்கரில் ஏதோ விமான அறிவிப்பு அலறிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் சபாபதி காதில் விழுந்தது நாலே சங்கதிதான்: மெயின் கேட், கேனோபி, புதன்கிழமை பத்து மணி, கஸ்டமர் விசிட்.

"டன் சார்," என்றார் சபாபதி.

போனை வைத்த பிறகுதான் யோசித்தார். கேனோபி என்றால் என்ன?

நேராகக் கேட்காமல் மெயின்டனன்ஸ் பாண்டுரங்கனிடம் போய்ச் சுற்றி வளைத்தார். "இன்னாபா, நம்ம கேனோபிலாம் எப்டி கீது?"

"ஜோரா கீது சார். கதவுதான் கொஞ்சம் ஆடுது," என்று பாண்டுரங்கன் ஜெனரேட்டரைக் காட்டினான். சத்தம் வெளியே வராமலிருக்க அதன்மேல் மூடியிருந்த, லாரி அளவு இரும்புப் பெட்டிக்குப் பெயர்தான் கேனோபியாம்.

இதையா கேட்டுக்குத் தூக்கிக்கொண்டு வரச் சொல்கிறார்? சபாபதிக்கு வியர்த்தது. ஸ்டோர்ஸ் கனகலட்சுமியிடம் போனார். "மேடம், கேனோபி ஸ்டாக் கீதா?"

"ஒண்ணு கீது சார். எக்ஸ்போக்கு எடுத்துனு போனது," என்று அவள் ஒரு பையைப் பிரித்தாள். நாலு கால், மேலே கம்பெனி பெயர் போட்ட துணி. சிம் கார்டு விற்பவர்கள் ரோட்டோரம் விரித்து உட்காருவது. அதிலும் ஒரு காலைக் காணோம்.

பாத்ரூமில் ஒளிந்துகொண்டு போனில் தேடினார். மேற்கட்டி, விதானம், பந்தல் என்று தொடங்கி, காட்டு மரங்களின் உச்சித் தழை, பாராசூட்டின் துணி, போர் விமானத்தில் பைலட் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடி மூடி வரைக்கும் போனது. ஒரு வார்த்தைக்குள் இத்தனை பேர் குடியிருப்பார்களா!

சாயங்காலம் மனைவி செங்கமலத்திடம் மட்டும் உண்மையைச் சொன்னார். அவள் லிஸ்டைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "பெரிய மனுஷங்க வராங்கன்னா கேட்டாண்ட பந்தல்தான் போடுவாங்க. இதுக்கா இவ்ளோ நேரம் மூஞ்ச தொங்கப் போட்டுகினு இருந்தீங்க? தம்பிகிட்ட சொல்லுங்க."

வாலாஜாபாத்தில் பந்தல் காண்ட்ராக்ட் எடுக்கும் உதயசூரியன் அவள் தம்பி. "முகூர்த்த நேரம் மாமா. சாதா பந்தல் எல்லாம் வெளிய பூட்ச்சு. கல்யாண செட்டுதான் கீது, பரவால்லியா?" என்றான். கேனோபி கேனோபிதானே என்று சபாபதி தலையாட்டிவிட்டார்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு கேட்டைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். ரோஜா நிறத் துணி, தங்கக் கலர் தூண்கள், இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை, கைகூப்பி நிற்கும் பொம்மைப் பெண். கம்பெனி பெயர்ப் பலகை துணிக்குப் பின்னால் மறைந்துவிட்டது. ஃபர்ஸ்ட் ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் ஒருவன், "சார், பொண்ணு எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

பத்து மணி தாண்டியும் கஸ்டமர் வரவில்லை. பத்தே காலுக்கு தேஷ்பாண்டே, வந்துகொண்டிருந்த காரிலிருந்தே போனில் கத்தினார். கஸ்டமரின் டிரைவர் மேப் காட்டிய இடத்துக்குச் சரியாகத்தான் வந்தானாம். கல்யாண மண்டபம் என்று நினைத்து நிற்காமல் போய்விட்டானாம். இப்போது வாலாஜாபாத்தில் நின்று வழி கேட்கிறார்களாம். கேட்டில் என்னதான் செய்து வைத்திருக்கிறாய்?

"கேனோபி சார். நீங்க சொன்ன..."

கேனோபியை எடுத்துவிடு என்றல்லவா சொன்னேன், என்றார் தேஷ்பாண்டே. செக்யூரிட்டி ரூமுக்கு முன்னால் தொங்குகிறதே துருப்பிடித்த தகரம், அதை!

சபாபதி திரும்பிப் பார்த்தார். ரோஜாத் துணிக்கு அடியில் அந்தத் தகரக் கூரை பத்திரமாக இருந்தது. பதினெட்டு வருஷமாக அதன் நிழலில்தான் பஸ்ஸுக்கு நிற்கிறார். அதை 'ஷீட்டு' என்பார்கள். அதற்கு இப்படி ஒரு பெயர் இருப்பது யாருக்குத் தெரியும்?

"மச்சான், பிரிடா!" என்று பந்தலோரம் நின்ற உதயசூரியனிடம் அலறினார். உதயசூரியனின் ஆட்கள் ஏறினார்கள். செக்யூரிட்டி கீழே நின்றவர்களை விரட்டினார். மூலைக் கயிற்றை இழுத்ததும் துணியோடு தகரமும் சேர்ந்து 'தடால்' என்று இறங்கியது. பந்தலின் ஒரு காலை ஆட்கள் தகரக் கூரையின் கம்பத்தில்தான் கட்டியிருந்தார்கள்.

"ஐயோ மாமா, உங்க கம்பெனி ஷீட்டு!"

"கெடக்கட்டும், அதையும் தூக்கி வண்டியில போடு!"

முக்கால் மணி நேரம் கழித்து கஸ்டமரின் காரும் தேஷ்பாண்டேயின் காரும் முன்னும் பின்னுமாக உள்ளே வந்தன. கேட்டுக்கு மேலே வானம் மட்டும் இருந்தது. தேஷ்பாண்டே அண்ணாந்து பார்த்தார், சபாபதியைப் பார்த்தார், கஸ்டமரை அழைத்துக்கொண்டு உள்ளே போனார்.

சாயங்காலம் மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். விசிட் நல்லபடியாக முடிந்ததாம். செக்யூரிட்டி வெயிலில் நிற்கிறார், அடுத்த வாரத்துக்குள் புதுக் கேனோபி ஒன்று போட்டுவிட வேண்டும் என்றார் தேஷ்பாண்டே.

எல்லோரும் சபாபதியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றார். காது சிவந்திருந்தது.

"சார், கேனோபின்னா நீங்க எத சொல்றீங்க? எனக்குத் தெரில."

தேஷ்பாண்டே எழுந்தார். கையைத் தலைக்கு மேலே விரித்து ஏதோ காட்டினார். பெட்ரோல் பங்கில் இருப்பது போலவா என்று பாண்டுரங்கன் கேட்டான். அது ரூஃப் என்றாள் கனகலட்சுமி. ஷெட் என்றார் ப்ரொடக்‌ஷன்காரர். கடைசியில் தேஷ்பாண்டே மார்க்கரை எடுத்து போர்டில் வரைய ஆரம்பித்தார். சபாபதி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, எத்தனை அடி உயரம் என்று கேட்டார்.