நீர்யானைக்குச் சிரிப்பு வராது

மிருகக்காட்சிசாலையில் நீர்யானையைப் பார்த்துக்கொள்வது நான்தான், ஒன்பது வருஷமாக. மேனேஜர் என் அக்கா புருஷன். வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான் என்பதை நான் மறந்தாலும் அவர் மறக்க விடமாட்டார். வீட்டில் அத்தான், இங்கே சார்.

அன்று காலை குளத்துச் சுவரோரம் புதுப் பலகை நட்டார்கள். 'குட்டீஸுக்கு நீர்யானை பற்றிய குஷியான தகவல்கள்'. தண்ணீருக்குள் ஐந்து நிமிஷம் மூச்சை அடக்கும். சரி. அவ்வளவு பெரிய உடம்புக்கு நீந்தத் தெரியாது, அடியில் கால் ஊன்றி நடக்கும். அதுவும் சரி. தோல் வெயிலில் வெந்துபோகாமல் இருக்கச் சிவப்பாய் ஒன்று கசியும், பார்த்தால் ரத்தம் மாதிரி இருக்கும். ரொம்பச் சரி. நான்காவது வரியைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'உங்களைப் பார்த்தால் வாயைத் திறந்து சிரிக்கும்!'

"சார், அது சிரிப்பு இல்ல. கிட்ட வந்தா கடிச்சிருவேன்னு பல்லைக் காட்டுது."

"உன்கிட்ட யாரு கேட்டா? சாணி அள்ற வேலையை மட்டும் பாரு."

சாணி! வாலை விசிறி மாதிரி ஆட்டி அது சாணியை நாலா பக்கமும் தெளிக்கும். அதைப் பலகையில் போட்டிருந்தால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்திருக்கும். நோகாமல் நுங்கு தின்னும் மனுஷனுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

பதினோரு மணிக்கு அக்கா வந்தாள், ஆறு வயது மகளோடு. விளம்பரத்துக்குப் படம் எடுக்கப்போகிறார்களாம். வயிற்று உயரச் சுவர்மேல் பிள்ளை நிற்க, பின்னால் நீர்யானை சிரிக்க வேண்டுமாம். பதறியதில் 'சார்' மறந்துபோனது.

"வேணாம் அத்தான். காலையிலேருந்து அது மூஞ்சியே சரியில்ல. சுவரைத் தாண்டக்கூட வேணாம், தலையைத் தூக்கினாலே எட்டிடும்."

"என் பொண்ணு, என் இஷ்டம்."

"அக்கா, நீயாவது சொல்லேன்."

"உனக்கு எப்பவும் அவரை மட்டம் தட்டணும். ஒரு போட்டோதானே, சும்மா இருடி."

அவர் பிள்ளையைச் சுவர்மேல் நிறுத்திவிட்டு, போனைத் தூக்கிப் பிடித்தபடி நாலடி பின்னால் போனார். தண்ணீரைப் பிளந்துகொண்டு அந்தத் தலை மேலே வந்தது. வாய் திறந்தது. என் முழங்கை நீளத்துக்குக் கோரைப்பற்கள்.

"ஐ, சிரிக்குது!" என்று பிள்ளை திரும்பிக் கைதட்டினாள்.

பாய்ந்துபோய் அவளை இழுத்தேன். இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். அவள் முழங்காலில் ரத்தம். நீர்யானையோ வாயை மூடிக்கொண்டு அடியில் போய்விட்டது, சண்டாளன்.

"பாத்தியா? அது ஒண்ணும் பண்ணல! பிள்ளையைக் காயப்படுத்துனது நீதான்," என்று அத்தான் கத்தினார். "சாவியைக் குடுத்துட்டுக் கிளம்பு. இனிமே இந்தப் பக்கம் தலை காட்டாதே."

"சித்தி கெட்டவ," என்று பிள்ளை அழுதாள்.

"பாவி, எலும்பு முறிஞ்சிருந்தா?" என்றாள் அக்கா.

சாவிக்கொத்தை நீட்டினேன்.

"கிளம்புறேன். அது சிரிக்கத்தானே செஞ்சது? நீங்க ஏறி நில்லுங்க, போட்டோ நான் எடுக்கிறேன்."

"எனக்கு வேற வேலை இல்ல?"

"ஒரே நிமிஷம் அத்தான்."

குளத்தில் குமிழிகள் கிளம்பின. அவர் கால் தன்னால் ஓரடி பின்னால் போனது. முழங்காலைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா அதைப் பார்த்துவிட்டாள். பிள்ளையை இறுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"ஏறுங்க," என்றாள்.

"உனக்குமா பைத்தியம்?"

"என் பிள்ளையை ஏத்துனீங்கல்ல? ஏறுங்க."

அவர் ஏறவில்லை.