திரோல் தொப்பிக்கு இருப்பிடச் சான்று

கோத்தகிரியில் இருபது வருடத்துக்கு மேல் வசித்த வெளிநாட்டுத் தொப்பிகளுக்கு இருப்பிடச் சான்று கொடுப்பது என் வேலை. சான்று கிடைக்காத தொப்பியை மாதக் கடைசியில் தபாலில் சொந்த ஊருக்கு அனுப்பிவிடுவோம்.

அன்று வந்தது ஒரு பச்சைக் கம்பளித் தொப்பி. பூர்வீகம் ஆஸ்திரியாவில் திரோல் என்ற மலைநாடு. அதைத் தலையில் வைத்திருந்தவர் ஏகாம்பரம், தேயிலை ஃபேக்டரி வாட்ச்மேன். தனிக்கட்டை. தொப்பியை விட்டால் அவருக்கு ஆளில்லை.

"வம்ச வரலாறு சொல்லுங்க" என்றேன்.

தொப்பி அவசரமில்லாமல் சொன்னது. "ஆரம்பத்துல நாங்க கூம்பாட்டம் உசரமுங்க, விளிம்பும் அகலம். மாடு மேய்க்கிறவங்களுக்கு மழையில குடையே நாங்கதான். அப்புறம் வேட்டைக்கு வந்த ராஜாக்களுக்கு எங்க மேல ஆசை வந்துச்சு. அவங்க தலைக்குப் போனதும் குட்டையாயிட்டோம். விளிம்பும் சுருங்கிருச்சு. மலையாட்டு முடியக் குஞ்சமாக் கட்டி ஓரமா செருகிக்கிறது மட்டும் மாறலைங்க."

பெரிய இடத்துப் பழக்கம் வந்தால் சுருங்கிப்போகிறவர்கள் நம் பக்கமும் உண்டு. நான் எழுதிக்கொண்டேன்.

உடம்பில் ஏதாவது ஒன்று உள்ளூராக இருந்தால்தான் சான்று. குஞ்சத்தைப் பற்றிக் கேட்டேன்.

"பழசை எலி கடிச்சிருச்சுங்க" என்றார் ஏகாம்பரம். "முக்கூர்த்தி மலைப் பக்கம் புதர்ல ஒட்டியிருந்த வரையாட்டு முடியப் பொறுக்கி நான்தான் கட்டிவிட்டேன்."

கால்நடை மருத்துவர் முகர்ந்து பார்த்து, வரையாடுதான் என்று எழுதிக் கொடுத்தார். முத்திரை குத்தினேன். எனக்கே சந்தோஷமாக இருந்தது.

அங்கேதான் தப்புச் செய்துவிட்டேன். முத்திரை விழுந்ததும் தொப்பி சட்டப்படி வரையாடு. வரையாட்டை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. மறுநாள் காலை வனத்துறை ரேஞ்சர் கூண்டோடு வந்தார். ஏகாம்பரம் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இதக் கொடுத்துட்டு நான் யாரோடங்க பேசறது?"

ரேஞ்சரும் மனுஷர்தான். பழகிய இடத்திலிருந்து விலங்கைப் பிரிக்கக் கூடாது என்று ஒரு விதியைத் தேடி எடுத்தார். பழகிய இடம் ஏகாம்பரத்தின் தலை என்று நான் சான்று கொடுத்தேன். இருவரையும் ஒரே கூண்டில் ஏற்றிப்போய் வரையாடுகள் மேயும் புல்மலையில் விட்டார்கள்.

போன வாரம் வயதான வரையாடு ஒன்று வந்து வரிசையில் நின்றது. ஏகாம்பரத்தையும் தொப்பியையும் தன் குடும்பத்தில் சேர்த்துச் சான்று வேண்டும் என்றது.

"ரெண்டு பேரும் எங்களோடதாங்க சாப்பிடறாங்க."

கையெழுத்துக்குப் பதிலாகக் குளம்பில் மை தடவிக்கொள்ளச் சொன்னேன்.