முழு வரவுப் பரிசு

என் மகள் தனுஜா ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது நிமோனியாவில் இறந்தாள். ஒரு நாள்கூட லீவு எடுக்காத பிள்ளை என்று துக்கத்துக்கு வந்த ஜீவராணி டீச்சர் சொன்னார். காய்ச்சலோடும் போனவள்தான். வருடம் முழுவதும் வரவு குறையாத ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அவள் பெயரில் காலுக்குச் சப்பாத்தும் புத்தகப் பையும் கொடுப்பதென்று டீச்சரும் நானும் முடிவு செய்தோம். பரிசளிப்பில் அவளுடைய முழுப் பெயரையும் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். வேறெங்கும் அந்தப் பெயரை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

பரிசு தொடங்கிய இரண்டாவது வருடம் டயகமப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பனி கடுமையாக இறங்கியது. வரிசையாக அறைகள் கொண்ட எங்கள் லயத்தில் ஒரு காம்பராவில் தொடங்கிய இருமல் கடைசிக் காம்பரா வரை போனது. பரிசளிப்புக்கு ஒரு கிழமை, ஏழு நாள், இருக்கையில், பக்கத்துக் காம்பரா நாகலெட்சுமி தன் மகள் வினோதாவுக்குத் தலையில் துண்டு கட்டிக்கொண்டிருந்தாள். நான் பிள்ளையின் நெற்றியைத் தொட்டேன்.

"கொதிக்குதே நாகு. இவளயா அனுப்புற?"

"பெனடோல் மாத்திர குடுத்துட்டேங்க்கா. இன்னும் ஒரு கெழமதானே. தனுஜா பரிசு இவளுக்குத்தான்னு லயமே பேசிக்கிது."

"நான் வீட்ல நின்னா நிஷாந்தி வாங்கிருவா," என்றாள் வினோதா. "அவளும் இருமிக்கிட்டுத்தான் வாறா."

அன்று நான் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை. பிள்ளைக்குப் பின்னாலேயே பள்ளிக்கு நடந்தேன். குளிருக்காக வகுப்பின் ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள். ஒரு வாங்கில் மூன்று பேர் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் இருமினார்கள்; டீச்சரும் இருமினார்.

"பரிச நிறுத்திருங்க டீச்சர். இன்னிக்கே சொல்லிருங்க. காய்ச்சக்காரப் பிள்ளைங்க வீட்ல நிக்கட்டும்."

"அழகான கையெழுத்துக்குன்னு மாத்திருவோமா?"

"அதுக்கும் வருவாங்க. பரிசே இல்லன்னாதான் நிப்பாங்க."

"தனுஜா பேர வாசிக்க முடியாமப் போயிருமே."

"தெரியும் டீச்சர்."

அவர் ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார். பிறகு பிள்ளைகளிடம் அறிவித்தார். வினோதா அழுதாள். நான் அவளைக் கூட்டிக்கொண்டு திரும்பினேன்.

மாலையில் நாகலெட்சுமி என் வாசலில் வந்து நின்றாள். "உங்க மக பேருல உள்ளதுன்னா நெனச்சப்ப குடுப்பீங்க, நெனச்சப்ப எடுப்பீங்களா? வருஷம் பூரா மழையில நடந்த புள்ளக்கி நான் என்ன சொல்றது?"

"சப்பாத்த நான் கையில குடுத்துர்றேன், நாகு."

"சும்மா குடுக்கிறது எங்களுக்கு வேணாம்," என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் மறுநாள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அதற்கு அடுத்த நாளும் அனுப்பவில்லை.

பரிசளிப்பன்று நான் மலையில் இருந்தேன். பள்ளி ஒலிபெருக்கி அங்கே தெளிவாகக் கேட்கும். அடுத்த தேயிலை நிரையில் நாகலெட்சுமி கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் பேசிப் போனதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் வகுப்புப் பெயர்களை வாசித்து முடித்து, அடுத்த வகுப்புக்குப் போனார்கள். நான் கொழுந்தைக் கூடையில் போட்டேன்.

"காய்ச்ச விட்டிருச்சு," என்றாள் நாகலெட்சுமி, செடியைப் பார்த்தபடி. "காலையில ரொட்டி கேட்டா."