மச்சான், வா சாப்பிடலாம்

தையல்காரர் குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு ஒரு சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்த சாயங்காலம், அவருடைய குரல் அவரை விட்டுவிட்டுத் தனியாகப் பேசியது. "மச்சான், வா சாப்பிடலாம்" என்றது. அளவெடுக்கும் மேசைக்கு மேலே, ஆள் உயரத்தில், வெறும் காற்றிலிருந்து வந்தது சத்தம். சட்டை வாங்க வந்திருந்த தபால்காரர் தன்னைத்தான் உபசரிக்கிறார் என்று நினைத்து, "பரவால்லீங்க, வீட்ல செஞ்சிருப்பாங்க" என்றார். மறுநாளும் விளக்குப் போடும் நேரத்துக்கு அதே குரல் கேட்டது. அன்றிலிருந்து அது ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை.

காரணம் என்னவென்று தெருவில் யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த வீட்டின் முன்னறை ஒரு நாட்டிலும் சமையல்கட்டு இன்னொரு நாட்டிலும் இருந்தன. நடுவே தரையில் பதித்த ஒரு பித்தளைப் பட்டைதான் எல்லை. வீட்டைக் கட்டியவர் எல்லை போட்டவர்களுக்கு முந்தியவர், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. முன்னறையில் ஞாயிற்றுக்கிழமை விசிலடித்தால் அபராதம். சமையல்கட்டில் என்றைக்கும் அடிக்கலாம், ஆனால் பூனை வளர்க்க உரிமம் வேண்டும். அந்த வீட்டுப் பூனை விவரமானது, முன்னறையை விட்டு நகராது. தையல்காரருடைய மனைவியின் தம்பி லாரி ஓட்டுபவன். புருஷனை விட்டு வந்த ஒரு பெண்ணை விரும்பினான். அப்படிப்பட்டவளைக் கட்டிக்கொள்வது முன்னறைச் சட்டப்படி இருவரையும் ஜெயிலில் தள்ளும் குற்றம், சமையல்கட்டுச் சட்டப்படி வெறும் கையெழுத்து. ஆகவே கல்யாணம் அடுப்புக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே நடந்தது. ஜோடி அங்கேயே குடியிருந்தது. ஆனால் தையல்காரருக்குத் தனியாகச் சாப்பிட்டால் தொண்டையில் இறங்காது. தினமும் சாயங்காலம் தெருக்கதவைத் தாழிட்டுவிட்டு, "மச்சான், வா சாப்பிடலாம்" என்று குரல் கொடுப்பார். மச்சானும் ஒரு வேளைக்காக நாடு தாண்டி வந்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவான்.

தெருவில் யார் வாய் சும்மா இருந்தது? ஒரு சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்தார். அவருடைய யூனிபார்ம் எல்லாம் இந்தத் தையல்காரர் தைத்ததுதான். கூட வந்த இரண்டு பேரைத் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: "அவன் அந்தப் பக்கம் இருக்கிற வரைக்கும் எங்களால தொட முடியாது. நீங்க ஒண்ணும் பெருசா செய்ய வேண்டாம். எப்பவும் கூப்பிடுற மாதிரி கூப்பிடுங்க." கூப்பிடாவிட்டால், இத்தனை நாள் அவனை முன்னறையில் உட்காரவைத்த குற்றத்துக்கு அவரையே கூட்டிப்போக வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். தையல்காரர் பயந்துவிட்டார். வேறு காரணம் எதையும் அவருக்காகக் கண்டுபிடிக்க முடியாது. கூப்பிட்டார். குரலில் ஒரு நடுக்கம் இருந்திருந்தாலும் மச்சானுக்குப் பொறி தட்டியிருக்கும். நடுக்கமே இல்லை. தினமும் கூப்பிடுகிற அதே பாசம்தான் இருந்தது. அந்தப் பாசம் நடிப்பில்லை என்பதுதான் பிற்பாடு அவரை உயிரோடு தின்றது. "வர்றேன் மாமா" என்று ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே மச்சான் பட்டையைத் தாண்டினான்.

மனைவி சண்டை போட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள், அவ்வளவுதான். மறுநாள் சாயங்காலம்தான் குரல் தனியாகக் கிளம்பியது. அதை அடக்க அவர் மேசையை நகர்த்தினார், சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டார், அந்த நேரம் பார்த்து மெஷினை ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை. வாடிக்கையாளர்கள் முதலில் மிரண்டார்கள், பிறகு பழகிவிட்டார்கள். "இப்பதான் சாப்பிட்டேன்" என்று காற்றுக்கே பதில் சொன்னார்கள். பட்டைக்கு அந்தப் பக்கம் மச்சான் பெண்டாட்டி மட்டும் குரல் கேட்டதும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, அது முடியும்வரை அசையாமல் நிற்பாள். தையல்காரர் தலையைக் குனிந்துகொள்வார். நிமிர்ந்து அவளைப் பார்க்கும் தைரியம் அவருக்கு எந்த நாளும் வரவில்லை.

வருஷங்கள் போயின. ஒரு காலையில் ரேடியோவில், காய்கறி விலைக்கும் வானிலைக்கும் நடுவே, அப்படிப்பட்ட கல்யாணம் இனி குற்றமில்லை என்று முன்னறை அரசாங்கம் அறிவித்தது. அதே வாரம், இவர்கள் செய்வதற்கு எதிராகச் செய்வதே வழக்கமாக வைத்திருந்த சமையல்கட்டு அரசாங்கம் அதைக் குற்றமாக்கிவிட்டது. மச்சான் பெண்டாட்டி தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டையைத் தாண்டி முன்னறைக்கு வந்தாள். புருஷனைப் பிடித்துக்கொடுத்த குரலுக்கு நேர் கீழே பாய் விரித்துப் படுத்தாள். சட்டம் மாறினாலும் மச்சானை விடவில்லை. செய்த அன்றைக்கு அது குற்றம்தானே, மிச்சத்தையும் கழிக்கட்டும் என்றார்கள்.

அன்றைக்குத் தையல்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். பழைய இன்ஸ்பெக்டர் ஓய்வு பெற்றுவிட்டார், இருந்தவர் புதிது.

"ஐயா, என்னைப் பிடிச்சு உள்ள போடுங்க."

"என்ன செஞ்சீங்க?"

"ஒருத்தரைச் சாப்பிடக் கூப்பிட்டேன்."

கதை முழுவதையும் கேட்டுவிட்டு, புது இன்ஸ்பெக்டர் சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். நல்ல மனுஷர், நிஜமாகவே தேடினார். "பெரியவரே, போலீஸ் சொல்லி ஒருத்தரைக் கூப்பிட்டது அன்னிக்கும் குத்தமில்ல, இன்னிக்கும் குத்தமில்ல. நான் எதுல போட்டு எழுதுறது?" தையல்காரர் வீட்டைச் சுற்றிக்கொண்டு சமையல்கட்டு நாட்டுக்கும் போய்ப் பார்த்தார். அங்கே அதிகாரி பாதிதான் கேட்டார். "சாப்பிடத்தானே கூப்பிட்டீங்க? நல்ல காரியம். நீங்களும் போய்ச் சாப்பிடுங்க" என்று அனுப்பிவிட்டார். பூனைக்கும் விசிலுக்கும்கூட ஒரு பிரிவு இருக்கிறது, தனக்கு மட்டும் இரண்டு நாட்டிலும் இடமில்லையே என்று நினைத்தபோது தையல்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. வீட்டுக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தார். குரல் கூப்பிட்டது.

மச்சான் விடுதலையாகி வந்தபோது தலை வெளுத்திருந்தது. தெருவாசலில் வந்து நின்றான், உள்ளே வரவில்லை. கூப்பிடாமல் வருகிற பழக்கம் அவனுக்கு எப்போதுமே கிடையாது. அக்காவும் பெண்டாட்டியும் அழுதுகொண்டே ஓடிப்போய்க் கையைப் பிடித்தும் நகரவில்லை. மூன்று பேரும் தையல்காரரைப் பார்த்தார்கள். "வா" என்று ஒரு எழுத்து. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர் அதைச் சொல்வது? கையில் கத்தரிக்கோலோடு நின்றார். தெருவிளக்கு எரிந்தது. "மச்சான், வா சாப்பிடலாம்" என்றது குரல், ஒரு நாளும் மூப்படையாமல், அதே பாசத்தோடு.

மச்சான் அண்ணாந்து காற்றைப் பார்த்தான். பிறகு தையல்காரரைப் பார்த்தான். மறுபடி காற்றைப் பார்த்து, "வர்றேன் மாமா" என்று உள்ளே வந்தான்.

அவன் உட்கார்ந்ததும் தையல்காரர் தன் தட்டை எடுத்துக்கொண்டு பித்தளைப் பட்டையைத் தாண்டிப் போய், சமையல்கட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். போகச் சொன்னவர்கள் இல்லை. திரும்பக் கூப்பிட்டவர்களும் இல்லை. கடைசிவரை அப்படியே நடந்தது. துணி வாங்க வருகிறவர்களும் அதை வித்தியாசமாக நினைக்கவில்லை. இரண்டு அரசாங்கங்களும் அதற்குப் பிறகு எத்தனையோ சட்டங்களை மாற்றி மாற்றி எழுதிவிட்டன. தையல்காரர் போய்ச் சேர்ந்த அன்றைக்கும் விளக்குப் போடும் நேரத்துக்குக் குரல் கூப்பிட்டது. "வர்றேன் மாமா" என்று ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே மச்சான் எழுந்தான்.