சிறுத்தை பார்த்த நேரம்

நிமலனின் வலது கை நடுங்கத் தொடங்கி ஒன்றரை வருடமாகிறது. முதலில் தேத்தண்ணிக் கோப்பையில் தெரிந்தது. பிறகு கல்யாணப் படங்களில் தெரிந்தது.

ஹல்துமுல்லையில் அவன் நடத்தும் ஸ்டூடியோவில் படங்களைத் திருத்தி ஆல்பம் செய்கிறவள் மனைவி விஜயலெட்சுமி. ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் படங்கள் பதினொன்றும் கலங்கிப் போயிருந்தன. அவள் யாரிடமும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் தம்பி போனில் எடுத்திருந்த படத்தைக் கேட்டு வாங்கி ஆல்பத்தில் சேர்த்துவிட்டாள். ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே வந்த நிமலன் அந்தப் படம் இருந்த பக்கத்தில் நிறுத்தினான்.

"இது நான் எடுத்ததில்ல."

அதற்குப் பிறகு அவன் எந்தக் கல்யாணத்துக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. மருந்து நடுக்கத்தைக் குறைக்கும், நிறுத்தாது என்று பதுளை டாக்டரும் சொல்லிவிட்டார்.

மிருகக்காட்சிச்சாலைக்குப் போகலாம் என்றவள் விஜயலெட்சுமிதான். "மிருகம் நம்மள அவசரப்படுத்தாதுங்க. கெமராவ ஸ்டாண்ட்ல வச்சு ஆறுதலா எடுங்க."

கொழும்பில் அவளுடைய சித்தி வீட்டில் தங்கி, காலையில் முதல் ஆட்களாகப் போய் நின்றார்கள். ஆட்கள் கால் தடுக்கி விழுவார்கள் என்று முக்காலி ஸ்டாண்டைக் காவலாளி வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். ஒற்றைக்கால் ஸ்டாண்டை மட்டும் விட்டார். நிமலன் அதைப் பிடித்ததும் கையோடு சேர்ந்து கெமராவும் ஆடியது. மான் கலங்கியது, ஒட்டகச்சிவிங்கி கலங்கியது. ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே நடந்தான்.

சிறுத்தைக் கூண்டுக்கு முன்னால் ஒரு குட்டைச் சுவர் இருந்தது. விஜயலெட்சுமி அரிசி நிரப்பித் தைத்திருந்த துணிப்பையை அதன்மேல் வைத்து, நடுவில் பள்ளம் பண்ணி, லென்ஸைக் கிடத்தினாள்.

"டைமர்ல போட்டு பட்டன அமத்திட்டுக் கைய எடுத்துருங்க. ரெண்டு செக்கன்ல தானா எடுக்கும்."

சிறுத்தை மரக்கட்டையில் தூங்கிக்கொண்டிருந்தது. படத்தில் அதன் மீசை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. நிமலன் சிரித்தான். அவன் சிரித்துப் பல மாதங்களாகியிருந்தன.

அப்போது சிறுத்தை தலையைத் தூக்கி அவனை நேராகப் பார்த்தது. அவன் அமத்திவிட்டுக் கையை எடுத்தான். கெமரா எடுப்பதற்குள் அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு காதும் பிடரியும் மட்டும் மிகத் தெளிவாக விழுந்திருந்தன. அது மறுபடி பார்த்தபோது டைமரை விட்டுவிட்டுக் கையாலேயே அமத்தி எடுத்தான். கண்கள் இரண்டும் மஞ்சள் கோடுகளாக இழுபட்டிருந்தன.

"இன்னொரு தரம் பார்க்கும்ங்க."

"சிறுத்தை பார்க்கும் விஜி. தாலி கட்டுறவன் எனக்காக ரெண்டு செக்கன் பொறுப்பானா?"

அவன் கெமரா வாரைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டான்.

"ஞாயித்துக்கெழம லுணுகலையில கல்யாணம் ஒண்ணு கேட்டிருக்காங்க. நீ போய் எடு."

"நீங்களும் வாங்க. பக்கத்துல நின்னு சொல்லிக் குடுங்க."

"நின்னா எடுக்கணும்னு தோணும்."

மறுநாள் ஊர் திரும்பும்போது ரயில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் பெட்டியிலிருந்த பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அந்த இருட்டில் அவன் நெற்றி அவள் தோளில் வந்து சாய்ந்தது. வாய்விட்டு அழுதான். பிள்ளைகளின் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. வெளிச்சம் வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகத்தான் லுணுகலைக்குப் போனாள்.