கட்டைவிரல் எண்ணெய்

ரம்பக்கடைக்காரரின் வலது கட்டைவிரலில் எண்ணெய் கசியத் தொடங்கியது, அவருடைய தம்பி அவரோடு பேச்சை நிறுத்திய ஆண்டில். அம்மாவின் கடைசி நேரத்தில் யார் பக்கத்தில் இல்லை என்பதில் வந்த தகராறு அது. முதலில் வியர்வை என்றுதான் நினைத்தார். முகர்ந்து பார்த்தால், செயின் ரம்பத்தின் பாருக்கு, அதாவது சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட இரும்புப் பட்டைக்கு, விடுகிற அதே பிசுபிசுத்த எண்ணெய். மருத்துவர் களிம்பு கொடுத்தார். களிம்பு விரலில் நிற்காமல் வழுக்கி விழுந்தது.

போகப் போக அது தொழிலுக்கு வசதியாகிவிட்டது. மரம் வெட்டுகிறவர்கள் கொண்டுவரும் பாரைக் கழற்றி, சங்கிலி ஓடும் பள்ளமான காடியில் அடைத்த மரத்தூளைக் கம்பியால் சுரண்டி, எண்ணெய்த் துளையை ஊதி, விளிம்பில் எழும்பிய பிசிறை அரத்தால் ராவி, ஒரே பக்கம் தேயாமலிருக்கத் தலைகீழாகத் திருப்பி மாட்டி, கடைசியில் காடி நெடுக விரலை ஓர் இழுப்பு இழுப்பார். அப்புறம் மாதக்கணக்கில் எண்ணெயே வேண்டாம். ஊர்க் கடைகளில் அந்த எண்ணெயை விற்பதையே விட்டுவிட்டார்கள். ஆனால் தேநீர்க் கோப்பை அவர் கையில் தங்காது. கைக்குழந்தையை யாரும் அவரிடம் கொடுப்பதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தனியே கிடக்கும் விடுமுறை நாட்களில் கசிவு அதிகம்; யாராவது உட்கார்ந்து நாலு வார்த்தை பேசினால் விரல் காய்ந்துவிடும். வேலை கெட்டுவிடக்கூடாதே என்று வாடிக்கையாளர்கள் பாரை வைத்த கையோடு கிளம்பிவிடுவார்கள். தம்பியும் மரம் வெட்டுகிறவர்தான். அவர் மட்டும் வெளியூரில் எண்ணெய் வாங்கிக்கொண்டார்.

ஒரு புயல் நாளில், வெட்டப் போன மரமே தம்பியின் காலை அமுக்கிப் பிடித்தது. அவருடைய ரம்பத்தில் எண்ணெய்ப் பம்பு உடைந்து, பார் சூட்டில் நீலம் பாரித்துவிட்டது. மற்ற ரம்பங்களெல்லாம் சாலையில் விழுந்த மரங்களுக்குப் போயிருந்தன. சமையல் எண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள். சங்கிலியில் ஒட்டாமல் தெறித்தது. அண்ணனைக் கூப்பிட ஆள் ஓடியது.

அவர் மழையிலேயே உட்கார்ந்து பாரைக் கழற்றிச் சுரண்டி முடித்து, காடியில் விரலை வைத்தார். மரத்தடியிலிருந்து தம்பி தலையைத் தூக்கினார்.

"அண்ணே, வந்துட்டியா? சாப்பிட்டியா?"

விரல் காய்ந்துபோயிற்று.

பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, "பேசாதடா," என்றார். "இப்ப என்கிட்ட ஒண்ணும் பேசாத." கூட்டத்தையும் தள்ளிப் போகச் சொன்னார். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எண்ணெய் வந்தது. எந்த விடுமுறை நாளிலும் அவ்வளவு வந்ததில்லை. காடி நிரம்பி மண்ணில் வழிந்தது. மரம் இரண்டாகும்வரை ரம்பம் எங்கும் சிக்கவில்லை.

கால் பிழைத்தது. எலும்பு கூடியதும் தம்பி தாங்கித் தாங்கிக் கடைக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்பப் பேசலாமா?"

"பேசு."

அன்று வந்திருந்த பார்களுக்கு வெளியூரிலிருந்து டப்பா எண்ணெய் வரவழைக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து, தம்பி வரும் நாட்களுக்கென்று அலமாரியில் இரண்டு டப்பா வாங்கி வைத்திருக்கிறார். தம்பிக்கும் வேலை, குடும்பம் என்று இருக்கிறது. முதல் டப்பாவே இன்னும் பாதிகூடத் தீரவில்லை.