உடம்பு திரும்பியதற்கு ஒரு மாடு

என் உடம்பு திரும்பி வந்ததற்காக மாமியார் ஒரு மாட்டை அறுக்கப் போகிறார் என்ற செய்தியை என் கணவர் எனக்குச் சொல்லவில்லை. நாத்தனார் தினேயோதான் சொன்னாள், கொடியில் துணி காயப்போட்டபடி, வாயில் கிளிப்பைக் கடித்துக்கொண்டு.

“அண்ணி, சனிக்கிழமை உனக்குத்தான் விசேஷம். தீரோ மாமா பட்டியிலேருந்து மாட்டை ஓட்டிட்டு வர்றாரு.”

“எனக்கு என்ன விசேஷம்?”

“ஆண்டவனுக்கு நன்றி சொல்ல வேணாமா? போன உடம்பு வந்துருச்சே! பின்பக்கம் பாரு, வாசக்கதவு பத்தல.” சிரித்ததில் கிளிப் கீழே விழுந்தது.

“உங்க அண்ணனுக்குத் தெரியுமா?”

“தெரியுமாவா? எந்த மாடுன்னு காமிச்சுக் குடுத்ததே அண்ணன்தான்.”

கையிலிருந்த ஈரச் சட்டையை நான் பிழிந்துகொண்டே நின்றேன். அதில் தண்ணீரே இல்லை.

எங்கள் ஊர் மொலெபொலோலேயில் ஒரு மருமகள் பருத்தால் அது மாமியாருக்குக் கிடைத்த நற்சான்று. மெலிந்தால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, அந்த வீட்டில் சோறு போடவில்லை. இல்லையென்றால் புருஷன் பெண்டாட்டிக்குள் பரவும் அந்த நோய். நோயின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். குரலைத் தாழ்த்துவார்கள், அவ்வளவுதான்.

நான்கு வருடங்களுக்கு முன்னால் ஜோகன்னஸ்பர்க்கில் என் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்தார்கள். சர்க்கரை நோய்க்காக. என் அம்மாவின் கால் விரல் ஒன்று போய், பிறகு பாதம் போய், பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம் போய், கடைசியில் அம்மாவே போனதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். எனக்கும் அதே சர்க்கரை. மாத்திரைகளுக்கு அது அடங்கவில்லை. உடம்பு குறைந்தால் அடங்கும் என்றார்கள். அடங்கியது. வீட்டில் பித்தப்பைக் கல் என்று சொன்னோம். என் கணவர் மொதிரிதான் அப்படிச் சொல்லச் சொன்னார். “அம்மாவுக்குப் புரியாது. காலம் வரும்போது நான் சொல்லிக்கிறேன்.”

காலம் வரவில்லை. நான் மெலிந்துகொண்டே போனேன். மாமியார் தினமும் காலையில் புளித்த சோளக்கூழைக் காய்ச்சி, பாலும் சர்க்கரையும் தாராளமாகக் கலந்து, சொம்பில் கொண்டுவந்து வைப்பார். இறைச்சி என் வயிற்றில் நிற்காது. ரொட்டி தொண்டையிலேயே நிற்கும். கூழ் மட்டும் வழுக்கிக்கொண்டு இறங்கும். மருத்துவமனை கொடுத்த புத்தகத்தில் மிருதுவான உணவு என்று போட்டு, ஓட்ஸும் தயிரும் படமாக இருந்தன. எங்கள் கூழ் அதில் இல்லை. அதைவிட மிருதுவான உணவு உலகத்தில் எது? நான் குடித்தேன். இரண்டு வருடம் எதுவும் ஆகவில்லை. அதன்பின் பசி வந்தது. வெட்டி எறிந்துவிட்டதாகச் சொன்ன அதே பசி, பழைய வீட்டைத் தேடி வரும் நாய் மாதிரி. கூழை நிறுத்தினேன். சொம்பை வாங்கி, மாமியார் போனதும் பின்பக்கம் கொட்டினேன். சாலட் தின்றேன். விடியற்காலையில் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி நடந்தேன், என் மாணவிகள் வருவதற்கு முன்னால். உடம்பு யார் சொல்லையும் கேட்கவில்லை. போனதில் பாதிக்கு மேல் திரும்பிவிட்டது.

போன வாரம் தலைநகர் காபரோனில் டாக்டரைப் பார்த்தேன். அவர் எடை இயந்திரத்தைப் பார்த்தார், இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“சர்க்கரை திரும்ப வந்துருச்சு. என்னம்மா, ஏமாத்திட்டீங்களே.”

“யாரை?”

“உங்களையேதான். நாங்க ஒரு கருவியைக் குடுத்தோம். அதைப் பயன்படுத்துறது உங்க கையிலதான் இருக்கு.”

கருவியாம். என் உடம்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி வாளியில் போட்டுவிட்டு, மிச்சத்துக்குக் கருவி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாயைத் திறந்தால் அழுகையா வசவா எது வரும் என்று எனக்கே நிச்சயமில்லை. மாத்திரை எழுதினார். இதற்கும் அடங்காவிட்டால் ஊசி என்றார். “திங்கக்கிழமை மறுபடி வாங்க. வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க. வீட்டுல எல்லாரும் ஒத்துழைக்கணும்.” அன்று அவர் சொன்னதில் அந்த ஒன்றுதான் சரி.

அன்று மாலை மொதிரியிடம் சொன்னேன். சர்க்கரை வந்துவிட்டது, அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள், என்னால் இனி அந்தச் சொம்போடு ஒளிந்துகொண்டு போராட முடியாது என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மௌனத்தைப் பார்த்துத்தான் நான் அவரைக் கல்யாணம் கட்டிக்கொண்டேன். ஊரில் எல்லா ஆண்களும் கத்திக்கொண்டிருந்தபோது இவர் ஒருவர் பேசாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அதற்குள்ளே ஏதோ ஆழமான கிணறு இருப்பதாக நினைத்தேன்.

“சொல்றேன்,” என்றார் கடைசியில்.

சொல்லவில்லை. மாட்டைத்தான் காட்டிக் கொடுத்தார்.

சனிக்கிழமை முற்றம் நிறைய ஆட்கள். மூன்று கால் இரும்புப் பானைகளில் இறைச்சி வெந்துகொண்டிருந்தது. ஆண்கள் அதை உலக்கையால் இடித்தார்கள். கல்யாணமான பெண்கள் எல்லோரும் தோளில் சால்வையோடு பாய்களில் உட்கார்ந்திருந்தோம். என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். இந்த விசேஷத்துக்கென்று மாமியார் எனக்கு நீலப் பூத்துணியில் புதுப் பாவாடை தைத்திருந்தார். பழைய அளவைவிட இரண்டு விரல் கூட்டி. அது சரியாக இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“லரோனா அம்மா! எங்க போய் ஒளிஞ்சிருந்துச்சு இந்தக் கன்னம்?” என்று என் பிள்ளையின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டுக்காரி கிள்ளினாள்.

“அப்ப காத்தடிச்சா பறந்துருவா. தினேயோகிட்ட நான்தான் சொன்னேன், அவ பாக்கெட்ல கல்லைப் போட்டு அனுப்புடின்னு.”

“இப்ப காத்துக்கே வழி விட மாட்டா!”

குலவை எழுந்தது. எல்லோரும் என்னை நேசித்தார்கள். எனக்குத் தெரியும். அதனால் கோபம் இன்னும் கூடியது. வெறுப்பவர்களிடம் கோபப்படுவது எளிது.

மொதிரியின் தாய்மாமன் தீரோ தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்தார். “ஆண்டவரே, இந்த வீட்டு மருமக எலும்பும் தோலுமா ஆனப்ப எங்க வாயை ஊர் அடைச்சுது. இந்த வீட்டுல சோறு இல்லேன்னாங்க. வேற என்னென்னமோ சொன்னாங்க. இன்னைக்கு அந்த ஊர் வாயை நீரு அடைச்சுட்டீரு. இதோ பாருங்க, உக்காந்திருக்கா, கண்ணுக்கு நிறைவா.” எல்லோரும் “மழை! மழை!” என்று கத்தினார்கள். வாழ்த்துக்கு எங்களிடம் அதைவிடப் பெரிய சொல் கிடையாது.

மாமியார் தட்டைக் கொண்டுவந்தார். இடித்த இறைச்சி, குடல் கறி, கெட்டியான சோளக்களி, மேலே கொழுப்பு. ஒரு குடும்பம் தின்னலாம். “சாப்பிடும்மா. முதல் வாய் உன்னோடதுதான்.”

மொதிரி ஆண்கள் பக்கம் நாற்காலியில் இருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

“அத்தை, எனக்குச் சர்க்கரை இருக்கு,” என்றேன்.

“இஞ்சிப் பானத்துலதான் சர்க்கரை. இதுல இல்ல, சாப்பிடு.”

“சர்க்கரை வியாதி அத்தை. எங்கம்மாவுக்கு இருந்த அதே வியாதி. எனக்குப் பித்தக் கல்லு வெட்டல. அதுக்காக வயித்தையே வெட்டி எடுத்தாங்க. மெலிஞ்சது அதனால. அப்ப நான் நல்லா இருந்தேன். இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து அந்த ரெண்டு வருஷம்தான் நல்லா இருந்தேன். இப்ப உடம்பு வந்துருச்சு, கூடவே சர்க்கரையும் வந்துருச்சு. நீங்க நன்றி சொல்றீங்களே, அது என் வியாதிக்கு.”

உலக்கைச் சத்தம் நின்றது. பானைக்கு அடியில் விறகு வெடிப்பது கேட்டது.

“நன்றி சொல்லியாச்சே,” என்றார் தீரோ மாமா, யாரிடமோ. “இனிமே ஆண்டவன்கிட்டப் போய்த் திருப்பிக் குடுன்னு கேக்கவா முடியும்?” யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள்.

மாமியார் தட்டைப் பிடித்தபடியே நின்றார். “யாரைக் கேட்டு வெட்டின?”

“என் வயிறு அத்தை.”

“நான் சோறு போட்ட வயிறு! ஆட்டு ஈரலை எடுத்தாக்கூட இந்த முத்தத்துல யாருக்குன்னு கேட்டுத்தான் எடுப்போம்.” மகன் பக்கம் திரும்பினார். “மொதிரி. உனக்குத் தெரியுமா?”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் பேசவில்லை. அந்த மௌனத்தை நான் நன்றாக அறிவேன். அது எனக்காகக் காத்திருக்கும் மௌனம். ‘அவருக்குத் தெரியாது, நான்தான் மறைத்தேன்’ என்று நான் சொல்ல வேண்டும். தாய்மாமன் முன்னால் புருஷனின் முகத்தைக் காப்பாற்றுவது இங்கே ஒரு மனைவி செய்கிற வேலை. பத்து வருடமாக நானும் செய்திருக்கிறேன். இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மௌனமாக இருக்க எனக்கும் தெரியும்.

“தெரியும்,” என்றார் மொதிரி.

“எப்பலேருந்து?”

“மொதல்லேருந்து. நான்தான் வண்டியில கூட்டிட்டுப் போனேன்.”

“சர்க்கரை வந்தது?”

“அதுவும்.”

“தெரிஞ்சுமாடா மாட்டைக் காமிச்ச?”

அவர் எழுந்தார், உட்கார்ந்தார். “அவ மெலிஞ்சப்ப உங்களுக்கென்ன தெரியும்? எனக்குத்தான் அந்த நோய், நான்தான் அவளுக்குக் குடுத்தேன்னு ஊரே பேசுச்சு. நான் குடிச்ச கோப்பையைத் தனியா கவுத்து வெச்சாங்க. என் சொந்தச் சேக்காளிங்க. இப்ப யாரும் அப்படிப் பாக்கறதில்ல. எல்லாரும் வந்து இவளைப் பாக்கட்டும்னு... ஒரு தடவை பாத்துட்டுப் போகட்டும்னு...”

எனக்கு அது தெரியாது. கோப்பை விஷயம். அவர் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன். நான்கு வருடம் ஒரே கட்டிலில் படுத்தும் சொல்லவில்லை. இப்போது சொன்னபோது என்னிடம் அழ எதுவும் மிச்சமில்லை.

நான் எழுந்தேன். மாமியாரின் கையிலிருந்து தட்டை வாங்கினேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஆண்கள் பக்கத்துக்கு நடந்தேன். அப்படி யாரும் நடப்பதில்லை. மொதிரியின் மடியில் தட்டை வைத்தேன்.

“அப்ப இது எனக்கு அறுத்த மாடு இல்ல. உன் பேரைக் காப்பாத்த அறுத்தது. முதல் வாய் உன்னோடதுதான். தின்னு.”

அதுவரை அவரை நான் நீ என்று சொன்னதில்லை. தீரோ மாமா ஏதோ சொல்ல வந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தவில்லை. வெளியே தட்டுகள் நகரும் ஓசை. அறுத்த மாட்டை வீணாக்க முடியாதில்லையா.

மாமியார் வாசற்படி வரை வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“உங்கம்மாவுக்கு மொதல்ல எந்த விரல் போச்சு?”

“சுண்டு விரல்.”

“வலிச்சுதாமா?”

“இல்ல. மரத்துப் போயிருந்துச்சு. நாத்தம் வந்தப்புறம்தான் தெரிஞ்சுது.”

அவர் படியில் உட்கார்ந்தார். முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது.

“டாக்டர்கிட்ட எப்பப் போகணும்?”

“திங்கக்கிழமை. அவரையும் வரச் சொல்லியிருக்காங்க.”

“வருவான்.”

“வந்தா மட்டும் பத்தாது அத்தை. பேசணும்.”

“பேசுவான்,” என்றார். குரலில் நம்பிக்கை இல்லை. சற்றுப் பொறுத்து, “பேசலேன்னா நான் பேசுறேன். உன் மேல எனக்கு இன்னும் கோவம் இருக்கு. நீ என்னை நம்பல,” என்றார்.

“எனக்கும் இருக்கு.”

“இருக்கட்டும்.”

அவர் எழுந்திருக்கவில்லை. நானும் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.